பேட்டரியைப் பட்டினி போடுகிறவர்கள்

சில அறிவுரைகளுக்குச் சாவே கிடையாது. மடிக்கணினியின் பேட்டரியை மாதம் ஒரு முறையாவது அடியோடு தீர்த்துவிட வேண்டும், கணினி தானாக அணைந்த பிறகு நூறு விழுக்காடு வரை ஏற்ற வேண்டும், அப்போதுதான் பேட்டரி நெடுநாள் உழைக்கும் என்பது அவற்றில் ஒன்று. விற்கிறவர் சொல்கிறார், பழுதுபார்க்கிறவர் சொல்கிறார், அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் சொல்கிறார். ஏன் என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு காரணம். "பேட்டரிக்கும் உடற்பயிற்சி வேண்டாமா?" என்பார் ஒருவர். "பழைய சார்ஜ் உள்ளேயே தேங்கிக் கெட்டுப்போகும்" என்பார் இன்னொருவர். கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு முள் உறுத்தும். மறுத்துப் பேசத் தெரியும். பேசிய பிறகும் முள் போகாது. ஏனென்றால் இதைச் சொல்கிறவர்களில் பலர் ஏமாளிகள் அல்லர். செய்து பார்த்திருக்கிறார்கள். பலன் கண்டதாகச் சத்தியம் செய்கிறார்கள்.

என் அண்ணனும் அந்தக் கட்சிதான். அவருக்குத் தொழில் கணக்குத் தணிக்கை. எதையும் எண்ணாகப் பார்த்தால்தான் நம்புவார். பார்த்துவிட்டாரென்றால் பிறகு பிரம்மாவே வந்து சொன்னாலும் மாற மாட்டார். மாதத்தில் ஒரு விடுமுறை நாளில் திரையின் வெளிச்சத்தை முழுவதும் கூட்டி, நீளமான காணொளி ஒன்றை ஓடவிட்டு, கணினி கண்ணை மூடும்வரை காத்திருப்பார். பிறகு நூறு வரை ஏற்றி, விண்டோஸ் தருகிற பேட்டரி அறிக்கையை எடுத்து, அதில் முழு சார்ஜ் கொள்ளளவு என்று போட்டிருக்கும் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பார். இன்றைய மடிக்கணினிகளில் இருக்கும் லித்தியம் அயனி பேட்டரிக்கு இந்தச் சடங்கு தேவையே இல்லை, சொல்லப்போனால் கெடுதல் என்று நான் ஒரு நாள் ஆரம்பித்தேன். அவர் பதில் பேசவில்லை. குறிப்பேட்டை என் பக்கம் தள்ளினார். புதிதில் 57 வாட் மணி (ஒரு வாட் வீதம் 57 மணி நேரம் கொடுக்கும் அளவு) என்று இருந்த கொள்ளளவு மெல்ல மெல்ல இறங்கி வந்திருந்தது. ஆண்டுக்கணக்கு முடிக்கும் நெருக்கடியில் சில மாதம் அவர் பேட்டரியைத் திரும்பியே பார்க்கவில்லை. அப்போது அது 46. வேலை ஓய்ந்ததும் காலி செய்து ஏற்றியிருக்கிறார். மறுநாள் எண் 49. "நீ சொல்வது படித்தது, தம்பி. இது எழுதிவைத்த கணக்கு" என்றார்.

என்னிடம் வேதியியல் இருந்தது, அவரிடம் எண் இருந்தது. தேய்மானத்தில் போன லித்தியம் திரும்பி வராது என்பது எனக்கு உறுதி. மூன்று வாட் மணி திரும்பி வந்திருக்கிறது என்பது அவருடைய குறிப்பேட்டில் நீல மையில் பளிச்சென்று இருந்தது. இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும் என்றுதான் எவருக்கும் தோன்றும். எனக்கு அது பல நாள் செரிக்கவில்லை.

பழைய வேதியியலின் எச்சம்

இந்த அறிவுரை பொய்யாகப் பிறந்ததல்ல என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். சுவீடனைச் சேர்ந்த வால்டெமார் யுங்னர் 1899இல் உருவாக்கிய நிக்கல் காட்மியம் பேட்டரிதான் ஆரம்பகால மடிக்கணினிகள் பலவற்றில் இருந்தது. அந்த வகைக்கு ஒரு வினோதக் குணம் உண்டு. ஒவ்வொரு முறையும் ஒரே அளவுக்கு மட்டும் இறக்கி, அதே இடத்திலிருந்து திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தால், நாளடைவில் அந்த இடத்தைத் தாண்டும்போது மின்னழுத்தம் சரிந்துவிடும். மிச்சமிருப்பதை எடுக்க விடாது. பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள்களின் பேட்டரிகளில், ஒவ்வொரு சுற்றிலும் கணக்குப் பிசகாமல் அதே ஆழத்துக்கு இறங்கி ஏறியதால், இது கண்ணில் பட்டது. நினைவு விளைவு என்ற பெயரும் நிலைத்தது. முழுவதும் இறக்கி ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆக, அந்தப் பேட்டரிக்கு அந்த அறிவுரை மருந்தாகவே வேலை செய்தது. அடுத்து வந்த நிக்கல் உலோக ஹைட்ரைடு பேட்டரிக்கும் ஓரளவு பொருந்தியது.

பிறகு வேதியியலே மாறிப்போனது. ஸ்டான்லி விட்டிங்ஹாம் 1970களில் தொடங்கி, ஜான் குடினஃப் 1980இல் லித்தியம் கோபால்ட் ஆக்சைடைக் கொண்டு முன்னெடுத்து, அகிரா யோஷினோ 1985இல் பாதுகாப்பான வடிவத்துக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி பேட்டரியை, சோனி நிறுவனம் 1991இல் சந்தைக்கு அனுப்பியது. மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது குடினஃபுக்கு வயது 97. அவ்வளவு தாமதமான நோபலே வந்து சேர்ந்துவிட்டது; நிக்கல் காட்மியம் காலத்து அறிவுரை மட்டும் இன்னும் குடியிருந்த வீட்டைக் காலி செய்யவில்லை.

உள்ளே தேய்வது எது

பேட்டரிக்குள் இருக்கும் தனி அலகுதான் செல். லித்தியம் அயனி செல்லில் சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் உலோக ஆக்சைடுப் பக்கத்திலிருந்து கிளம்பி, கிராஃபைட்டின் அடுக்குகளுக்கு இடையே போய்ச் செருகிக்கொள்கின்றன. நாம் பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. முதல் சார்ஜின்போதே கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் படிகிறது. அது நல்லதுதான், அது இல்லாவிட்டால், அயனிகள் கடந்து போகும் திரவமான மின்பகுளி நிற்காமல் சிதைந்துகொண்டிருக்கும். ஆனால் அந்தப் படலம் ஒரு கட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. மிக மெதுவாக வளர்ந்துகொண்டே போகிறது, வளர்வதற்கு லித்தியத்தையே எடுத்துக்கொள்கிறது. படலத்துக்குள் சிறைப்பட்ட லித்தியம் மறுபடி இந்தப் போக்குவரத்துக்கு வராது. பேட்டரி கிழடாவதில் பெரும்பங்கு இதற்குத்தான். அடியோடு காலி செய்வதால் சிறைக்கதவு திறக்காது. என் வாதத்தின் ஆணிவேர் இதுதான், இன்றைக்கும் அதில் மாற்றமில்லை.

இந்தச் சிதைவை விரட்டுகிறவை இரண்டு: வெப்பம், உயர்ந்த மின்னழுத்தம். வழக்கமான செல் ஒன்று நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட்டில் நிற்கிறது. ஏறக்குறைய 3 வோல்ட்டில் காலி என்று கணக்கு. 4.2ஐ ஒட்டிய நிலையில் எவ்வளவு நேரம் இருக்கிறது, எவ்வளவு சூட்டில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் அட்டவணை ஒன்று உண்டு. 25 பாகை செல்சியஸில் 40 விழுக்காடு சார்ஜோடு ஓராண்டு சும்மா வைத்த பேட்டரி, தன் கொள்ளளவில் 96 விழுக்காட்டைத் தக்கவைத்துக்கொள்ளும். அதே வெப்பநிலையில் முழுச் சார்ஜோடு வைத்தால் 80. வெப்பநிலை 40 பாகை, சார்ஜும் முழுவதும் என்றால் 65. செல்லின் வகைக்கேற்ப எண்கள் முன்பின்னாகும் என்றாலும் போக்கு இதுதான். ஒரு முறைகூடப் பயன்படுத்தாமல், வெறுமனே நிறைத்து வெக்கையில் வைத்ததற்கே மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. பேட்டரியை ஓட்டினால்தான் தேயும் என்று நினைத்துப் பொத்திப் பொத்தி வைக்கிறவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கலாம்.

ஓட்டுவதாலும் தேயும், இல்லை என்று சொல்லவில்லை. அயனிகள் உள்ளே போகும்போது கிராஃபைட் சற்று வீங்குகிறது, வெளியே வரும்போது சுருங்குகிறது. மேலே உள்ள படலம் விரிசல் விட்டு, புதிதாகப் படிந்து, இன்னும் கொஞ்சம் லித்தியத்தை விழுங்குகிறது. அதனால்தான் சுழற்சிகளை எண்ணுகிறார்கள். ஆப்பிளின் இன்றைய மேக்புக் வகைகளுக்கு, 1,000 முழுச் சுழற்சிகளுக்குப் பிறகும் தொடக்கக் கொள்ளளவில் 80 விழுக்காடு வரை இருக்கும்படி வடிவமைத்திருப்பதாக அந்நிறுவனம் சொல்கிறது. இங்கே சுழற்சி என்பது சார்ஜரைச் செருகிய தடவைகள் அல்ல. இன்று பாதி, நாளை பாதி பயன்படுத்தினால் இரண்டும் சேர்ந்து ஒன்று. ஆகவே அடிக்கடி செருகினால் ஆயுள் குறையும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. மாறாக, 30க்கும் 70க்கும் நடுவே ஆடிக்கொண்டிருப்பதைவிட நூறிலிருந்து பூஜ்யம் வரை போய்வருவதுதான் செல்லுக்கு அதிக உளைச்சல். அண்ணனுடைய மாதாந்தர சேவை ஒவ்வொன்றும் ஒரு முழுச் சுழற்சி. பெரிய நட்டம் இல்லை, ஆயிரத்தில் ஒன்று. ஆனால் ஆதாயக் கணக்கில் எழுத வேண்டியதல்ல.

அப்படியானால் நாள் முழுவதும் மின்னிணைப்பிலேயே வைத்திருக்கலாமா என்று உடனே கேட்பார்கள். அளவுக்கு மீறி ஏறிவிடும் என்ற பயம் வேண்டாம். நிறைந்ததும் சார்ஜ் நின்றுவிடும், கணினி அடாப்டரிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், சில விழுக்காடு தானாகக் குறைந்த பிறகே மறுபடி ஏற்றத் தொடங்கும். கெடுதல் ஏறுவதில் இல்லை, ஏறிய இடத்திலேயே உட்கார்ந்திருப்பதில் இருக்கிறது. பக்கத்திலேயே செயலி கொதித்துக்கொண்டிருக்க, நூறு விழுக்காட்டில், மாதக்கணக்கில். இதற்கு மருந்து காலி செய்வதல்ல. 80இல் நிறுத்தச் சொல்லும் அமைப்பு. இன்று பெரும்பாலான நிறுவனங்கள் ஏதோ ஒரு பெயரில் அதைத் தருகின்றன. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று நூறும் வேண்டும், ஆயுளும் வேண்டும் என்றால் நடக்காது.

ஏழில் நின்ற எண்

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சரி, 46 எப்படி 49 ஆயிற்று? அதைச் சொல்" என்றார். சொல்ல முடியவில்லை. அடுத்த முறை காலி செய்யும்போது கூடவே உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. அதற்கு அவசரம் காட்டக் கூடாது, எண் மறுபடி இறங்கட்டும் என்று அவரே சில மாதம் சடங்கை நிறுத்திவைத்தார். ஆராய்ச்சிக்காகப் பேட்டரியைத் துன்புறுத்துகிறேன் என்று என்மேல் குறை வேறு.

விழுக்காட்டை மட்டும் பார்த்தால் போதாது, மின்னழுத்தத்தையும் பார்க்க வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தோன்றியது. வன்பொருள் விவரங்களைக் காட்டும் இலவச மென்பொருள்கள் பல, பேட்டரியின் மின்னழுத்தத்தையும் அந்தந்த நொடியில் அது எத்தனை வாட் கொடுக்கிறது என்பதையும் காட்டும். அப்படி ஒன்றைத் திரையின் மூலையில் வைத்தோம். மூன்று செல்கள் வரிசையில் இணைந்த பேட்டரி, நிறைந்திருந்தபோது 12.6க்குச் சற்றுக் கீழே நின்றது. காணொளி ஓட ஓட, விழுக்காடும் மின்னழுத்தமும் கைகோத்து இறங்கின. 60, 40, 20. மாலையாகிவிட்டது. 10, 9, 8, 7.

ஏழில் நின்றுவிட்டது. காணொளி ஓடிக்கொண்டிருக்கிறது, விசிறி சுழல்கிறது, பேட்டரி ஏறக்குறைய 12 வாட் கொடுத்துக்கொண்டிருக்கிறது. விழுக்காடு அசையவில்லை. "பார்த்தாயா, பேட்டரி உயிரைப் பிடித்துக்கொண்டு போராடுகிறது" என்றார் அண்ணன், ஏதோ தன் பிள்ளை ஓட்டப்பந்தயத்தில் ஓடுவதுபோல. நான் மூலையில் இருந்த மற்ற எண்ணைக் காட்டினேன். 10.8 வோல்ட்டில் இருந்தது 10.7 ஆயிற்று, பிறகு 10.6. பேட்டரி ஒரு போராட்டமும் நடத்தவில்லை; வழக்கம்போல இறங்கிக்கொண்டுதான் இருந்தது. நின்றது அதைப் பற்றிச் சொல்லும் எண் மட்டும். கால் மணி நேரம் அப்படியே போனது. மின்னழுத்தம் இன்னும் சற்று இறங்கியதும், விட்ட இடத்திலிருந்து விழுக்காடு புறப்பட்டது: 6, 5, 4. சிறிது நேரத்தில் கணினி அணைந்தது.

கால் மணி நேரத்துக்கு 12 வாட் என்றால் 3 வாட் மணி. கணக்கரிடம் இதைச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவர் உதடு அசைந்து நின்றது எனக்குத் தெரிந்தது. மறுநாள் நூறு வரை ஏற்றி அறிக்கை எடுத்தோம். கொள்ளளவு ஏறியிருந்தது, ஏறக்குறைய அதே மூன்று.

பேட்டரிக்குள் எவ்வளவு மிச்சம் என்று நேரடியாக அளக்கும் கருவி எதுவும் கிடையாது. எண் எங்கிருந்து வருகிறது என்றால், பேட்டரிப் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் ஒரு சிறு சில்லிலிருந்து. 1990களின் நடுவில் இன்டெலும் டியூராசெல்லும் சேர்ந்து வகுத்த தரமுறையிலிருந்து கிளைத்த ஏற்பாடு அது. மிகச் சிறிய மின்தடை ஒன்றின் வழியே போகும் மின்னோட்டத்தை அந்தச் சில்லு இடைவிடாமல் அளந்து, இவ்வளவு உள்ளே போனது, இவ்வளவு வெளியே வந்தது என்று கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறது. வாய் மூடிய குடம் ஒன்றில் எத்தனை செம்பு ஊற்றினோம், எத்தனை செம்பு எடுத்தோம் என்பதை மட்டும் வைத்து உள்ளே இருக்கும் நீரைச் சொல்வதுபோன்ற வேலை. குடமே ஆண்டுக்கு ஆண்டு சிறுத்துக்கொண்டும் வருகிறது. ஒவ்வோர் அளவிலும் துளிப் பிழை சேர்கிறது. சூட்டுக்கும் குளிருக்கும் ஏற்ப மாறுகிறது. பேட்டரி தானாக இழப்பதைச் சில்லு ஊகித்துக் கழிக்கிறது. பாதியில் எடுத்துப் பாதியில் ஏற்றிக்கொண்டே இருந்தால், தன் கணக்கு சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க அதற்கு ஒரு வாய்ப்பும் கிடைப்பதில்லை. சில சில்லுகள் அப்படிப்பட்ட நிலையில், சுழற்சி கூடக்கூட, பேட்டரி இவ்வளவு தேய்ந்திருக்கும் என்று தாங்களே கொள்ளளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் போட்டுக்கொள்ளும்.

அந்தச் சில்லு சந்தேகமில்லாமல் தெரிந்துகொள்ளக்கூடிய இடம் இரண்டுதான். ஒன்று, நிறைந்துவிட்டது என்று சார்ஜ் நிற்கும் இடம். மற்றொன்று, மின்னழுத்தம் வேகமாகச் சரியத் தொடங்கும் அடிப்பகுதி. பல சில்லுகளில் அந்த அடி அடையாளம் 7 விழுக்காட்டை ஒட்டி வைக்கப்பட்டிருக்கிறது. கூட்டிக் கழித்த கணக்கு ஏழுக்கு வந்துவிட்டது, மின்னழுத்தமோ அந்த அடையாளத்தைத் தொடவில்லை என்றால், சில்லு எண்ணை அங்கேயே நிறுத்திவைத்துக் காத்திருக்கும். தொட்டதும், மேலிருந்து இங்கு வரும்வரை வெளியேறியது எவ்வளவு என்று பார்த்து, முழுக் கொள்ளளவைத் திருத்தி எழுதிக்கொள்ளும். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். அந்த மூன்று வாட் மணி சடங்கினால் வந்ததல்ல. சடங்குக்கு முந்தின நாளும் பேட்டரிக்குள் இருந்தது. ஏட்டில் ஏறாமல் இருந்தது, ஏறிவிட்டது.

ஆக, இரண்டில் ஒன்று பொய் என்று நான் குழம்பியதற்கு அவசியமே இல்லை. காலி செய்தால் எண் கூடும் என்பதும் உண்மை, காலி செய்வதால் பேட்டரி துளிகூடத் தேறாது என்பதும் உண்மை. இந்த அறிவுரை ஏன் சாகவில்லை என்பதற்கும் எனக்கு அன்றைக்குத்தான் விடை கிடைத்தது. மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் மூடநம்பிக்கைக்குப் பலன் கண்ணில் படாது. இங்கே படுகிறது, அதுவும் வாட் மணிக் கணக்கில், கணினியே கையெழுத்துப் போட்டுத் தருகிறது. நிக்கல் காட்மியம் விட்டுப்போன சடங்கை, அதற்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு சில்லு பிழைக்க வைத்துக்கொண்டிருக்கிறது.

இதன் மறுபக்கமும் நடப்பதுண்டு, அதை யாரும் குறிப்பேட்டில் எழுதுவதில்லை. சில்லின் கணக்கு உண்மையைவிட மேலே போயிருந்தால், 25 விழுக்காடு காட்டிக்கொண்டிருக்கும் கணினி சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். காலி செய்து ஏற்றினால் கொள்ளளவு எண் இறங்கும். அப்போது காலி செய்ததால் பேட்டரி கெட்டது என்று ஒருவராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்பார்கள். ஏறினால் சடங்கின் புண்ணியம், இறங்கினால் பேட்டரியின் விதி.

சும்மா வைப்பதற்கும் முறை உண்டு

இவ்வளவுக்குப் பிறகு காலி செய்யவே கூடாது என்று முடித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடிக்க முடியாது. 80இல் நிறுத்தச் சொல்லும் அமைப்பை நானே பரிந்துரைத்தேன் அல்லவா? அதைப் போட்டுவிட்டு எப்போதும் மின்னிணைப்பில் இருக்கிற கணினியின் சில்லுக்கு மேல் அடையாளமும் கிடைப்பதில்லை, கீழ் அடையாளமும் கிடைப்பதில்லை. பேட்டரி நலமாக இருக்கும், எண் மெல்லத் திசை தவறும். சொகுசாக வைத்தால் செல்லுக்கு நல்லது, கணக்குக்குக் கெடுதல். இதற்குச் சில மாதங்களுக்கு ஒரு முறை வரம்பை நீக்கி நூறு வரை ஏற்றி, ஓரிரு மணி நேரம் ஆறவிட்டு, நடுவில் செருகாமல் கீழே வரை ஓட்டிவிட்டு மறுபடி ஏற்றினால் போதும். எண்ணைப் பற்றிக் கவலையே படாதவர் அதையும் செய்ய வேண்டியதில்லை. ஓய்வு நிலையில் இருக்கும்போது மின்னழுத்தத்தையும் செல்லின் உள்தடையையும் வைத்துத் தானே திருத்திக்கொள்ளும் சில்லுகளும் இருக்கின்றன. கழற்ற முடியாத பேட்டரியோடு வரும் தன் மடிக்கணினிகளுக்கு அளவுத்திருத்தம் தேவையில்லை என்று ஆப்பிள் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகின்றன. தேவை என்றால் செய்யலாம். ஆனால் எதற்காகச் செய்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். அது செல்லுக்குச் சிகிச்சை அல்ல, ஏட்டுக்குத் தணிக்கை.

உண்மையிலேயே ஆபத்தான காலி வேறொன்று. கணினி பூஜ்யம் என்று அணையும்போது செல்களில் இன்னும் கொஞ்சம் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். அதனால் அன்றே ஏற்றினால் பெரிய பாதகமில்லை. அப்படியே அலமாரியில் போட்டு மறந்துவிட்டால்தான் கதை மாறுகிறது. செல் தானாகவும் கொஞ்சம் இழக்கும், காவலுக்கு இருக்கும் மின்சுற்றும் கொஞ்சம் குடிக்கும். மின்னழுத்தம் 2.5 வோல்ட்டுக்கு வெகு கீழே போனால், கிராஃபைட்டைத் தாங்கி நிற்கும் செப்புத் தகடே கரையத் தொடங்குகிறது. அந்த நிலையில் மறுபடி ஏற்றினால் கரைந்த செம்பு கண்ட இடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே குறுக்குச்சுற்று ஏற்படுத்தலாம். அப்படிப்பட்ட பேட்டரியை ஏற்ற மறுத்துக் காவல் சுற்று கதவடைப்பது பழுதல்ல, அதன் வேலையே அதுதான். கம்பியை நேராகச் செல்லில் தொட்டு எழுப்பிவிடலாம் என்று கற்றுத்தரும் காணொளிகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

நெடுநாள் வைக்க வேண்டுமென்றால் பாதி அளவில், குளிர்ந்த இடத்தில், சில மாதத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்த்து. அவ்வளவுதான் விதி. விமானச் சரக்கில் இதைச் சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள்: கருவியோடு சேராமல் தனியே அனுப்பப்படும் லித்தியம் அயனி பேட்டரியில் சார்ஜ் 30 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2016 ஏப்ரல் முதல் நடைமுறை. அங்கே நோக்கம் ஆயுள் அல்ல, தீ. சார்ஜ் குறைவாக இருந்தால், ஏதாவது ஒரு செல் பிசகினாலும் வெளிப்படும் வெப்பம் குறையும். பேட்டரியை இறக்கி வைப்பது கட்டாயம் என்று நான் அறிந்த ஒரே இடம் இதுதான், அங்கும் பூஜ்யம் வரை போகச் சொல்லவில்லை.

குளிரைப் பற்றி ஒரு வரி. உறைநிலைக்குக் கீழே பயன்படுத்துவதால் தற்காலிகமாகக் கொள்ளளவு குறைந்ததுபோல் தெரியும், அவ்வளவே. உறைநிலையில் சார்ஜ் ஏற்றுவதுதான் தீங்கு. லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் நிறைந்த பேட்டரியோடு கணினியை விட்டுப்போகிறவர்களுக்கு ஒரு வரி போதாது, ஆனால் அவர்களும் மாதாமாதம் தவறாமல் காலி செய்துகொண்டுதான் இருப்பார்கள். தொடுபலகை திடீரென்று அழுந்த மறுக்கிறதா, மூடி ஒரு பக்கம் தூக்கி நிற்கிறதா, அடிப்பக்கம் மேசையில் ஆடுகிறதா என்று பார்ப்பது நூறு சடங்குகளுக்குச் சமம். உள்ளே வாயு உண்டாகிச் செல் உப்பினால் தெரியும் அடையாளங்கள் அவை. உப்பியதை இறக்கி ஏற்றிச் சரிசெய்ய முடியாது. அழுத்திப் பார்க்கவும் கூடாது, குத்தவும் கூடாது. சார்ஜ் ஏற்றுவதை அந்த நிமிடமே நிறுத்திவிட்டுக் கழற்றக் கொடுத்துவிட வேண்டும்.

அண்ணன் மாறிவிட்டாரா என்றால், கணக்கர்கள் மாறுவதைப் போலத்தான் மாறினார். ஏழு விழுக்காட்டு அடையாளத்தைப் பற்றிச் சொன்னதும் அவர் முதலில் கேட்டது, "அப்படியானால் ஏழைத் தாண்டி எண் மறுபடி அசைந்துவிட்டால் வேலை முடிந்தது, பூஜ்யம் வரை ஏன் போக வேண்டும்?" என்பதுதான். எனக்கே தோன்றாத கேள்வி. அவர் சொன்னது சரி. இப்போது ஐந்தைத் தொட்டதும் செருகிவிடுகிறார், மாதாமாதம் என்பது ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆகிவிட்டது, வரம்பு 80இல் நிற்கிறது. குறிப்பேடு மட்டும் தொடர்கிறது. அதில் வெப்பநிலைக்கென்று புதிதாக ஒரு பத்தி போட்டிருக்கிறார். போன வாரம் அழைத்து, குளிராக இருந்த நாட்களில் எடுத்த கொள்ளளவு எண்கள் எல்லாம் சற்றுத் தாழ்ந்திருக்கின்றன, இதைச் சில்லு சரிக்கட்டிக் காட்ட வேண்டாமா என்று கேட்டார். சரிக்கட்ட முயலும், ஆனால் எவ்வளவு என்பது சில்லுக்குச் சில்லு மாறும் என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.